பீரோ தூக்கும் விளையாட்டு

ரசமட்டத்துக்கு யாருடைய சம்பளத்தின் மேலும் பொறாமை வந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கியபோது நான்கு சக்கரமும் சமமாக நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு வந்தார், அவ்வளவுதான். மைத்துனன் மாடி வீடு கட்டியபோது தரையில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டு, "சமையலறைப் பக்கம் கொஞ்சம் சரிவு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார். அப்பேர்ப்பட்ட மனிதர் நாற்பத்தாறாவது வயதில் வயிறு எரிந்து கிடந்தார். அதுவும் பொன்னுக்காகவோ பொருளுக்காகவோ இல்லை. கூட வேலை பார்க்கிற ஆளுக்காக.

அவர் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடிக்கொண்டிருக்குமே, அது. லிஃப்ட் நின்றதும் வாசலில் அதை வைத்துப் பார்ப்பார். தரைக்கும் லிஃப்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ரசமட்டம்தான்.

இந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. ஒருவர் மொட்டைமாடியில் மோட்டார் அறையில் இருப்பார், இன்னொருவர் லிஃப்டுக்கு அடியில் இருக்கிற பள்ளத்துக்குள் இறங்குவார். ரசமட்டம் மேல் ஆள். கீழ் ஆள் பூனை. எந்தச் சந்திலும் நுழைந்து எந்த இடுக்கிலும் சுருண்டுகொள்வான் என்பதால் அந்தப் பெயர். பன்னிரண்டு வருஷ ஜோடி. அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பள்ளத்தில் இறங்குவதற்கு முன்னால் பூனை அண்ணாந்து, "இறங்கட்டுமா?" என்று கத்துவான். மேலேயிருந்து ரசமட்டம் மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். "நிறுத்திட்டேன்! பூட்டிட்டேன்! சாவி என் பையில!" மூன்றும் காதில் விழுந்த பிறகுதான் பூனையின் கால் ஏணியில் படும். தலைக்கு மேலே ஒரு டன் இரும்பு தொங்கும்போது மனிதனுக்கு வேறு என்ன ஆறுதல் இருக்கிறது? அந்தக் குரல்தான்.

வினை புதுசு உருவத்தில் வந்தது. புதுசு வேறு கம்பெனியிலிருந்து வந்தவன், முப்பத்தி நாலு வயது, கல்யாணமானவன், இரண்டு பிள்ளை. புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் இரண்டு மாதம் ஒரு பழைய ஜோடியோடு மூன்றாவது ஆளாகப் போக வேண்டும். இவனை இந்த ஜோடியோடு கோத்துவிட்டார் சூப்பர்வைசர். இரண்டாவது நாளே மதியச் சாப்பாட்டுக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்தபோது புதுசு பையிலிருந்து கையில் பிடித்து ஆடுகிற ஒரு கேம் பெட்டியை எடுத்தான். பூனை ஒரு நிமிஷம் அதைப் பார்த்தான். பிறகு தன் பையிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்தான்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பத்து நிமிஷத்தில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். "வலது வலது! விடாத, விடாத! ஐயோ போச்சு!" என்று ஒரே கூத்து. பெட்டிக்குள்ளிருந்து கர்ர் கர்ரென்று ஒரு சத்தம். கார் பந்தயமாக்கும் என்று ரசமட்டம் நினைத்துக்கொண்டார். எட்டிப் பார்க்க மானம் இடம் கொடுக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து, ஏற்கெனவே மட்டமாக இருந்த ஒரு செங்கல்லின் மேல் ரசமட்டத்தை வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருப்பார்.

வாயைத் திறந்து குறை சொல்லவும் வழியில்லை. ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மதியம் பூனை இப்படி ஒரு பெட்டியை அவரிடம் நீட்டி, "சும்மா பிடிச்சுப் பாரேன்" என்றிருந்தான். "சின்னப் பசங்க சாமான்டா இது. எடுத்து உள்ள வை, யாராவது பாத்தா சிரிப்பாங்க" என்று சொன்னது இவரேதான். அந்தப் பேச்சு இப்போது தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தியது.

பூனை சிரிப்பது அவருக்குத் தாங்கவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவனை இப்படி வயிறு குலுங்கச் சிரிக்க வைத்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. நேற்று வந்தவன் எப்படிச் சிரிக்க வைக்கிறான்? அவனுக்கு ஒழுங்காக ஒரு வயர் உரிக்கத் தெரியுமா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பேச்சைக் குறைத்தார். மோட்டார் அறையில் எல்லாவற்றையும் எப்போதும்போல நிறுத்துவார், பூட்டுவார், சாவியைப் பையில் போடுவார். ஆனால் கீழேயிருந்து "இறங்கட்டுமா?" என்று குரல் வந்தால் மூன்று வாக்கியத்துக்குப் பதிலாக "ஆச்சு" என்று ஒரே வார்த்தை. எதற்கு அவ்வளவு பேச்சு? பேசத்தான் வேறு ஆள் கிடைத்துவிட்டதே.

"ஆச்சுன்னா? நிறுத்தினது ஆச்சா, பூட்டினது ஆச்சா?" என்று பூனை கத்துவான்.

"எல்லாம் ஆச்சு!"

இப்படியே இரண்டு மாதம் போனது. அப்போதுதான் சீட்டு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆளுக்கொரு சீட்டு கொடுப்பார்கள். யாரோடு ஜோடி சேர விருப்பம் என்று அதில் எழுதி, சூப்பர்வைசர் மேஜையில் இருக்கிற அட்டைப்பெட்டியில் போட வேண்டும். பழைய ஆளின் சீட்டுக்குத்தான் மதிப்பு. அதிலும் பள்ளத்தில் இறங்குகிறவன் கேட்ட மேல் ஆளைக் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் உயிர் அவனுடையது. இத்தனை வருஷமாக ரசமட்டம் அந்தச் சீட்டை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. இந்த முறை அதைக் கையில் வாங்கியதும் மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். இரண்டு மாதப் பழக்கம் முடிந்து புதுசுக்கும் ஒரு ஜோடி வேண்டும். பூனை அவன் பெயரை எழுதிவிட்டால்?

சீட்டு போட வேண்டிய கடைசி நாள் சனிக்கிழமை. அன்றைக்குச் செவ்வாய்.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம், "கேம் பெட்டி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்" என்றார்.

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் அவள். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, பூனை அண்ணனும் அந்தப் புது ஆளும் ஆடறாங்கன்னு நீங்கதானே ரெண்டு மாசமா புலம்பறீங்க?"

"நான் எங்க புலம்பினேன்?"

"தூக்கத்துல கூடப் புலம்பறீங்க. வயசுப்பொண்ணு தோழி பேசலன்னு அழற மாதிரி இருக்கு. நேரா போய் 'என்னையும் சேத்துக்கோடா'ன்னு கேட்டா என்ன குறைஞ்சுடும்?"

கேட்டால் என்ன குறையும் என்று அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். எல்லாம் குறையும்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் ஆபீஸுக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய போனும் பழைய கேமும் விற்கிற கடைக்குப் போனார். கடையை நடத்துகிற அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு ஒரு போனின் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். கேட்டதும் மூன்று பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

ரசமட்டம் ஒரு சாமான் வாங்குவது என்றால் சும்மாவா? முதல் பெட்டியை மேஜையில் வைத்து, அதன் முதுகில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. "பேட்டரி வீங்கியிருக்கு" என்று தள்ளிவிட்டார். இரண்டாவதன் திரையில் ஒரு பொம்மை மனிதன் நின்றான். அவனை நடத்துகிற குச்சியை யாரும் தொடாமலே அவன் பாட்டுக்கு இடது பக்கம் நடந்துகொண்டே போனான். "நிக்கச் சொன்ன இடத்துல நிக்காத சாமான் எனக்கு வேணாம்மா." மூன்றாவது எல்லாப் பரீட்சையிலும் தேறியது. திரையில் கீறல் இல்லை, பித்தான் ஒவ்வொன்றும் விரலுக்குப் பதில் சொன்னது. பின்பக்கம் திருப்பினார். நான்கு ஸ்குருவில் ஒன்று மட்டும் வேறு நிறம், வேறு தலை.

"இது இதோட ஸ்குரு இல்லையே. மாடி நம்பர் தகட்டுக்குப் போடற ஸ்குரு மாதிரி இருக்கு. எந்தத் தற்குறி இதைக் கொண்டுபோய் இங்க மாட்டினான்?"

"வரும்போதே அப்படித்தான் சார் வந்துச்சு. பிடிப்பா இருக்கில்ல?"

பிடிப்பாகத்தான் இருந்தது. யாரோ நுனியை அரத்தில் ராவி, அளவாக்கிப் போட்டிருந்தான். தற்குறியாக இருந்தாலும் கை சுத்தம் என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டார்.

"உள்ள ஒரு கேமும் இருக்கு, பெட்டியோடயே தர்றேன். ரெண்டு ஆள் சேர்ந்து ஒரு பீரோவைத் தூக்கிட்டு மாடி மாடியா ஏறணும். நல்லா இருக்கும்" என்றார் கடைக்கார அம்மா. "பழைய ஆளோட கணக்கும் அப்படியே இருக்கு. மூணு கட்டம் ஆடி நிறுத்தியிருக்காங்க. ஆரம்பம்தான் இதுல கஷ்டமே. அதை வெச்சுக்கிட்டா நாலாவதுலேர்ந்து ஆடலாம். இந்தாங்க, பேரு கூட ஏதோ போட்டிருக்கு, பாருங்க."

ரசமட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்தவர் எழுதி வைத்ததைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. அதோடு தொழில் புத்தியும் சேர்ந்துகொண்டது. வேறு ஆள் பார்த்த லிஃப்டைக் கையில் எடுத்தால் முதல் வேலை, பழைய பதிவு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறும் பலகையிலிருந்து ஆரம்பிப்பதுதான். இல்லையென்றால் அவன் செய்த கோளாறு நம் தலையில் விடியும்.

"எவனோ ஆடினது எனக்கு எதுக்கு? அழிச்சிடுங்க."

"அழிச்சா திரும்ப வராது சார்."

"வர வேணாம்."

அந்த அம்மா இரண்டு பித்தானை அழுத்தினார். அழிந்தது.

பிறகு கேம் தேர்ந்தெடுக்கிற படலம். நகத்தின் அளவு கேம் வில்லைகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. கால்பந்து வேண்டுமா, தோட்டம் போடுவதா, கட்டை அடுக்குவதா? "யாரோட ஆடப் போறீங்க சார்? அதைச் சொன்னா எடுத்துத் தர்றேன்."

"ஒருத்தனை ஜெயிக்கணும்" என்றார் ரசமட்டம்.

"அப்ப கார் பந்தயம்."

"அதேதான்!" என்று துள்ளினார். கூடவே ஒரு கால்பந்தும் எடுத்துக்கொண்டார். பீரோ விளையாட்டின் வில்லையைக் கழற்றி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். அதை வீட்டு மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு மறந்தார். மூன்று நாளும் காலையும் மாலையும் கார் ஓட்டினார். முதல் நாள் எல்லா வளைவிலும் சுவரில் முட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாவதாக வந்தார். திரையில் பூ பொழிந்தபோது அவர் மனக்கண்ணில் புதுசின் கார் பள்ளத்தில் கிடந்தது. மனசு குளிர்ந்தது.

சனிக்கிழமை மதியம். சாப்பாட்டு டப்பாக்கள் கவிழ்ந்தன. தொட்டி நிழலில் இரண்டு பேரும் உட்காரப் போனார்கள். ரசமட்டம் கனைத்துக்கொண்டு, ஏதோ கைக்குட்டையை எடுக்கிறவர் மாதிரி பையிலிருந்து பெட்டியை எடுத்தார்.

"அண்ணே! உங்ககிட்டயா!" என்று புதுசு எழுந்தே நின்றுவிட்டான். அவன் முகத்தில் உண்மையான சந்தோஷம். அதுவும் இவருக்குப் பிடிக்கவில்லை.

"பந்தயம் வெச்சுக்கலாமா?" என்றார் ரசமட்டம்.

"நாங்க பந்தயம் ஆடறதில்லையே அண்ணே. பீரோதான். முப்பத்தெட்டாவது கட்டத்துல இருக்கோம்."

"அந்தக் கர்ர் கர்ருன்னு..."

"பீரோவைத் தரையில இழுக்கிற சத்தம் அண்ணே அது."

ரசமட்டத்துக்குக் காது சுட்டது. இதற்குள் பூனை அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிப் பின்பக்கம் திருப்பியிருந்தான். கட்டைவிரல் அந்த ஒற்றை ஸ்குருவின் மேல் போய் நின்றது. வெகு நேரம் அங்கேயே நின்றது.

"இதை எங்க வாங்கின?"

"ஆபீஸ் பக்கத்துல, பழைய சாமான் கடையில. ஏன்?"

"இந்த ஸ்குரு நான் போட்டது" என்றான் பூனை. "இருந்தது தொலைஞ்சு போச்சு. நம்பர் தகட்டு ஸ்குருவை ராவிப் போட்டேன். இது என்னுது இல்ல, உன்னுது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ரெண்டு வாங்கினேன். உனக்கொண்ணு, எனக்கொண்ணு."

"எனக்குன்னு நீ சொல்லவே இல்லையேடா!"

"சொல்ல விட்டியா? சின்னப் பசங்க சாமான், உள்ள வைன்ன. வெச்சுட்டேன். என்னைக்காவது நீ கேப்பேன்னு ஒரு வருஷம் டூல் பையிலயே சுமந்தேன். அப்புறம் அந்தக் கடையில கொண்டுபோய்ப் போட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே பித்தானை அழுத்தித் திரையைப் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "உள்ள உன் பேர் போட்டு வெச்சிருந்தேனே, பாத்தியா? ஆரம்பக் கட்டம் கஷ்டம், உனக்குப் பொறுமை இருக்காது, நீ தூக்கிப் போட்டுடுவேன்னு முதல் மூணையும் நானே ஆடி முடிச்சு வெச்சிருந்தேன். நாலாவதுலேர்ந்து சேர்ந்து ஆடலாம்னு. எங்க அது?"

மொட்டைமாடியில் வெயில் அடித்தது. ரசமட்டத்துக்கு மட்டும் குளிர்ந்தது.

"அழிச்சிட்டேன்" என்றார்.

பூனை திரையை அணைத்தான். பெட்டியைச் சட்டையில் துடைத்து, அவர் மடியில் வைத்தான். புதுசு எழுந்து, ஏற்கெனவே கழுவிய டப்பாக்களைக் கழுவப் போனான்.

"சீட்டுல யார் பேர் எழுதப் போற?" என்று ரசமட்டம் கேட்டேவிட்டார்.

"காலையிலயே போட்டுட்டேன்."

"யார் பேரு?"

"புதுசு பேரு." பூனை அவர் கண்ணைப் பார்த்தே சொன்னான். "கேம்னால இல்லடா. ரெண்டு மாசமா கீழேர்ந்து கத்தறேன், மேலேர்ந்து உன் குரல் வர்றதில்ல. ஆச்சு, ஆச்சுன்னு ஒரு வார்த்தை. நீ பூட்டியிருப்பேன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் நிக்கிறது பள்ளத்துல. தெரிஞ்சா மட்டும் போதாது, காதுல விழணும். பயந்துக்கிட்டே எத்தனை நாள் இறங்கறது?"

ரசமட்டம் தலை குனிந்தார். தன் இடத்தை எவனோ பறித்துக்கொண்டான் என்று இரண்டு மாதம் வெந்தாரே, அந்த இடத்தைப் பூனை இரண்டு வருஷத்துக்கு முன்பே இவர் பெயர் எழுதிப் போட்டு வைத்திருந்தான். இவர்தான் போய் உட்காரவில்லை. அப்படியும், பாத்திரம் கழுவுகிற புதுசின் முதுகைப் பார்த்தபோது வயிறு எரியத்தான் செய்தது. புத்தி தெளிந்தாலும் வயிறு உடனே தெளிந்துவிடுமா?

சாப்பாட்டுக்குப் பிறகு ஜோடியாகக் கடைசி வேலை. ரசமட்டம் மோட்டார் அறைக்குப் போனார். நிறுத்தினார், பூட்டினார், சாவியைப் பையில் போட்டார். கீழே எட்டு மாடிக்கு அடியிலிருந்து பூனையின் குரல் வந்தது.

"இறங்கட்டுமா?"

"நிறுத்திட்டேன்!" என்று ரசமட்டம் கத்தினார். "பூட்டிட்டேன்! சாவி என் பையில!" கத்திய கத்தலில் நாலாவது மாடியில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

கீழேயிருந்து பூனையின் குரல் வந்தது.

"இப்பதான் வருது! அடுத்த சீட்டுக்கு மூணு மாசம் இருக்கு, அதுவரைக்கும் தொண்டையைப் பத்திரமா வெச்சுக்கோ!"

திங்கட்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். பூனை, புதுசு. ரசமட்டத்துக்கு வாயே திறக்காத ஒரு மனிதரை ஜோடியாகப் போட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் அவர் இழுப்பறையிலிருந்து காகித மடிப்பைப் பிரித்து, பீரோ விளையாட்டின் வில்லையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். பெயர் கேட்டது. ரசமட்டம் என்று போட்டார். இரண்டு ஆள் தூக்குகிற பீரோவை ஒரே ஆள் தூக்க வேண்டுமானால் இடது கை ஒருவனுக்கு, வலது கை இன்னொருவனுக்கு. படியில் நான்கு எட்டு வைப்பதற்குள் பீரோ உருண்டு விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது.

மூன்றாம் நாள், சொல்லாமல் இழுத்தால்தான் விழுகிறது என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "இழுக்கிறேன்" என்று ஒரு குரலிலும், "இழு" என்று இன்னொரு குரலிலும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஆடினார். மனைவி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டுத் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

புதுசும் பூனையும் நாற்பத்தைந்தாவது கட்டத்தைத் தாண்டிவிட்டதாக ஆபீஸில் பேச்சு. ரசமட்டத்தின் பீரோ மூன்றாவது கட்டத்தின் கடைசிப் படியில் ஏறி, வாசலைத் தாண்டி, மட்டமாக நின்றது. பூனை அவருக்காக முடித்து வைத்திருந்த இடத்துக்கு வந்து சேர அவருக்குப் பதினோரு நாள் ஆயிற்று.